நாற்பது குரல்களும் ஒரு விக்கலும்

ஆவாரங்காட்டின் நடுவில் ஒரு குட்டை இருந்தது. அந்தக் குட்டையில் தவளைகள் இரண்டு படைகளாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

சண்டைக்குக் காரணம் மழை. போன ஐப்பசியில் வானம் கறுத்தபோது, வழக்கம்போல எல்லாத் தவளைகளும் சேர்ந்து கத்தின. மழை பெய்தது. குட்டை நிரம்பியது. அதோடு விட்டிருக்கலாம்.

“எங்கள் கத்தலுக்குத்தான் மழை வந்தது!” என்றன கீழ்க்கரைத் தவளைகள்.

“நீங்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோதே முதல் துளி விழுந்துவிட்டது! மழையைக் கூப்பிட்டது நாங்கள்!” என்றன மேல்கரைத் தவளைகள்.

தை மாதத்தில் அது வாய்ச்சண்டையாக இருந்தது. மாசியில் இரண்டு பக்கமும் கருவேல முள்ளைக் கையில் எடுத்தன. குட்டையின் நடுவில், அடிச்சேற்றில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எதிரி. ஒரே தண்ணீரில் வால் உதிர்த்துக் கால் முளைத்து வளர்ந்தவர்கள் என்பதை யாரும் யாருக்கும் நினைவுபடுத்தவில்லை.

கரைக்கு நாற்பது வீரர்கள். கீழ்க்கரைப் படையில் தத்தன் என்ற இளந்தவளை இருந்தான். அவனுடைய அண்ணன் பாசியனும் அதே படையில் இருந்தான். அவனுடைய அத்தை மகன் மடுவன் மேல்கரைப் படையில் இருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் இரண்டு கரைகளிலும் பெயர் கூப்பிடுவார்கள். முதலில் கீழ்க்கரை, பிறகு மேல்கரை. கீழ்க்கரையில் ஹவில்தார் சொறியன் என்ற தேரை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவன் “இருக்கிறேன்!” என்று கத்த வேண்டும். எதிரிக் கரைக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். அதுதான் முக்கியம்.

மாசிக் கடைசியில் பாசியன் முள் குத்திச் செத்துப்போனான். அன்று மாலை ஹவில்தார் பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டார்.

“பாசியன்!”

பதில் இல்லை. படை தலை குனிந்து நின்றது. மேல்கரையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

தளபதி பெருந்தொண்டையார் கல்லின் மேலிருந்து குதித்தார். “வரிசையில் ஓட்டை விழக் கூடாது! படையின் மன உறுதி என்ன ஆவது? யாரடா அங்கே? பக்கத்தில் நிற்பவன் குரல் கொடு!”

பக்கத்தில் நின்றவன் தத்தன். அவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் தளபதி முறைத்தார். தத்தன் தொண்டையைத் தாழ்த்தி, அண்ணனின் கனத்த குரலில் சொன்னான்.

“இருக்கிறேன்!”

மேல்கரையில் சிரிப்பு நின்றது. தளபதிக்கு மகிழ்ச்சி. தத்தனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அந்தக் குரல் காதில் விழுந்த ஒரு நொடி, அண்ணன் பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. மறுநாள் அவன் பொழுது சாயட்டும் என்று காத்திருந்தான்.

அதன் பிறகு அது படையின் வழக்கமாகிவிட்டது. செத்தவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுத்தான். ஓடிப்போனவனுக்காகவும் கொடுத்தான். ஆள் குறையக் குறைய ஒவ்வொருவனுக்கும் வேலை கூடியது. பங்குனியில் படையில் பதினோரு பேர்தான் இருந்தார்கள். ஆனால் மாலையில் நாற்பது குரல்கள் கேட்டன. எதிர்க்கரையிலும் நாற்பது குரல்கள் கேட்டன.

“பார்த்தீர்களா, எதிரிக்கு ஓர் ஆள்கூடக் குறையவில்லை!” என்று பதினோரு பேரும் நடுங்கினார்கள்.

படைக்கு ஒரு மன உறுதி அதிகாரியும் உண்டு. அது கருவேல மரத்தில் இருந்த ஓணான். ஓணானுக்குக் கோடு கிடையாது. எந்தக் கரைக்கும் போய்வரலாம். அதனால் இரண்டு படைகளும் அதையே அதிகாரியாக வைத்துக்கொண்டன. அது அதிகம் பேசாது. அதிகாரி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

“அதிகாரி ஐயா, எதிரி பலமாக இருக்கிறானா?” என்று தளபதி கேட்பார்.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டும்.

“இருந்தாலும் நாம்தானே வெல்வோம்?”

ஓணான் மறுபடியும் தலையை ஆட்டும்.

“கேட்டீர்களா வீரர்களே! பலமான எதிரியை வெல்லப்போகிறோம்! சோப்ளாங்கி எதிரியை வென்று என்ன பெருமை?” என்று தளபதி தொண்டையை உப்புவார்.

சித்திரை வந்தது. வெயில் ஏறியது. குட்டை வற்றியது.

குட்டை வற்றும்போது தவளைகள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சேறு இளகியிருக்கும்போதே தோண்டி உள்ளே போய், மழை வரும்வரை தூங்க வேண்டும். சேறு இறுகிவிட்டால் தோண்ட முடியாது. வெளியில் கிடந்தால் தோல் காய்ந்து சாக வேண்டியதுதான். இது எல்லாத் தவளைக்கும் தெரியும். தளபதிக்கும் தெரியும். ஆனால் தளபதி உத்தரவு போட்டிருந்தார்.

“போர் முடியும் முன் மண்ணுக்குள் போகிறவன் துரோகி! அவன் குழியை மொத்தப் படையும் ஏறி மிதித்து மூடும்!”

அதனால் மண்ணுக்குள் போக நினைத்தவர்கள் குட்டையில் தோண்டாமல், ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் காட்டுக்குள் போனார்கள். ஒருவன் வேவு பார்க்கப் போனான். இன்னொருவன் அவனைத் தேடப் போனான். மூன்றாமவன் இருவரையும் பிடித்து வரப் போனான். ஹவில்தார் சொறியன், “வயிறு சரியில்லை தம்பி. ஓர் எட்டுப் போய்விட்டு வருகிறேன். அதுவரை பெயரை நீ கூப்பிடு,” என்று தத்தனிடம் சொல்லிவிட்டுப் புளியமர வேருக்கடியில் போனார். வரவில்லை.

கடைசியில் தளபதியும் தத்தனும் மட்டும் இருந்தார்கள். தளபதி கல்லின் மேல் ஏறி நின்று தத்தனைப் பார்த்துப் பேசினார்.

“வீரர்களே! கடைசி வீரன் இருக்கும்வரை போர் தொடரும்! நான் முன்னணிக்குப் போய் நிலைமையைப் பார்த்துவிட்டு வருகிறேன்!”

“ஐயா, முன்னணி இந்தப் பக்கம்,” என்று தத்தன் குட்டையின் நடுவைக் காட்டினான்.

“தெரியும்! சுற்றிப் போகிறேன்!” என்று சொல்லிவிட்டுத் தளபதி தோட்டத்துக் கிணறு இருந்த திசையில் தத்தித் தத்திப் போனார்.

அன்று முதல் தத்தன்தான் கீழ்க்கரைப் படை.

அவன் ஓடிப்போகவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தால். மாலை தவறாமல் எதிரே நாற்பது குரல்கள் கேட்டன. இங்கே ஒருவன்தான் என்று தெரிந்தால் நாற்பது பேரும் முள்ளோடு பாய்ந்து வருவார்கள். அதனால் பொழுது சாய்ந்ததும் ஹவில்தார் குரலில் பெயரைக் கூப்பிடுவான். பிறகு அந்தந்தக் குரலில் “இருக்கிறேன்!” என்பான். அல்லியானுக்குக் கீச்சுக்குரல். கொட்டியனுக்கு மூக்கடைத்த குரல். பாசியனுக்குக் கனத்த குரல். முடிந்ததும் கல்லின் மேல் ஏறித் தளபதி குரலில் “வீரர்களே, தளராதீர்கள்!” என்பான். கீழே இறங்கி, “தளபதி வாழ்க!” என்று தனக்குத் தானே முழக்கம் போடுவான். நாள் முடியும்போது தொண்டையில் ரத்தம் வராத குறை.

பகலில், குட்டையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருப்பான். கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துவிட்டது. நடுவில் மட்டும், சரியாகக் கோட்டின் மேல், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு ஈரம் மினுங்கியது. இன்னும் மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. தத்தனின் கால்விரல் இடுக்குகள் ஏற்கெனவே வெடிக்கத் தொடங்கிவிட்டன.

போய்த் தோண்டிவிடலாமா என்று ஒருநாள் நினைத்தான்.

உடனே ஹவில்தார் குரலில் தன்னையே அதட்டினான். “தத்தா! என்னடா யோசனை? துரோகியின் குழியைப் படையே மிதிக்கும், தெரியுமில்லையா?”

“தெரியும் ஐயா! ஒன்றும் யோசிக்கவில்லை ஐயா!” என்று விறைப்பாக நின்றான்.

குழியை மிதிக்கப் படையில் அவனைத் தவிர ஆள் இல்லை. இருந்தாலும் அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது.

அன்று மாலை மேல்கரையின் பெயர் கூப்பிடுதலில் ஒரு மாற்றம் தெரிந்தது.

“சேற்றன்!” “இருக்கிறேன்!”

“நாணலன்!” “இருக்கிறேன்!”

“துளும்பி!” “இருக்கி… விக்! …றேன்!”

மூன்று பெயருக்கு ஒரு விக்கல். நாற்பது பெயரும் முடியும்வரை அப்படியே.  மறுநாள் காலையில் தத்தன் கருவேல மரத்தடிக்கு ஓடினான்.

“அதிகாரி ஐயா! எதிரிப் படை ஒழுங்காக விக்குகிறதே, அது புதுப் பயிற்சியா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“பயங்கரமான பயிற்சியா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“நாங்களும் பழக வேண்டுமா?”

ஓணான் தலையை ஆட்டியது.

தத்தன் பகல் முழுவதும் தன் படைக்கு விக்கல் பயிற்சி கொடுத்தான். “வயிற்றை உள்ளே இழு! விக்கு! அல்லியான், உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா?” என்று திட்டினான். அல்லியானாக மன்னிப்பும் கேட்டான். மாலையில் கீழ்க்கரைப் படை, மூன்று பெயருக்கு ஒருமுறை அழகாக விக்கியது.

 மேல்கரையிலிருந்து ஒரு குரல் கோபமாகக் கத்தியது.

“டேய்! யாரடா அது? கேலியா செய்கிறாய்? சின்ன வயதில் வண்டை விழுங்கினதிலிருந்து, தொண்டை காய்ந்தால் எனக்கு விக்கல் வரும். அதைப் போய்… விக்! …நையாண்டி பண்ணுகிறாயே, வெட்கமாக இல்லை?”

தத்தன் திகைத்தான். வண்டை விழுங்கிய கதை அவனுக்குத் தெரியும். முதுகில் தட்டி எடுக்கப் பார்த்தவனே அவன்தான்.

“மடுவா? நீயா?”

“…தத்தன் மச்சானா?”

“நான்தான்டா!”

“மச்சான்! உயிரோடுதான் இருக்கிறாயா? பெரிய மச்சான் எப்படி இருக்கிறார்? தினமும் அவர் குரலைக் கேட்கிறேன். அதே கனத்த குரல்! அது ஒன்றுதான் இங்கே எனக்கு ஆறுதல்.”

தத்தன் அண்ணன் நின்ற இடத்தைப் பார்த்தான். 

“அண்ணன்… நன்றாக இருக்கிறான்,” என்றான்.

“உங்கள் பக்கம் எத்தனை பேர் மச்சான்?”

“நாற்பது பேர். உங்கள் பக்கம்?”

“நாற்பது பேர். ஓர் ஆள் குறையவில்லை. சத்தம் போடாதே, எங்கள் தளபதி தூங்குகிறார்.”

“எங்கள் தளபதியும்தான்.”

இருவரும் அவரவர் கரையில் பதுங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் முழுவதும் தத்தன் வெயிலில் குந்தியிருந்து யோசித்தான். விக்கல் மடுவனுடையது. ஆனால் மூன்று பெயருக்கு ஒருமுறை, பலர் குரலிலும் அதே விக்கல். எப்படி? அவன் மறுபடியும் ஓணானிடம் போனான்.

“அதிகாரி ஐயா, எதிரிப் படையில் விக்கியவர்கள் எல்லோரும் வண்டை விழுங்கினார்களா?”

ஓணான் தலையை ஆட்டியது.

தத்தன் திரும்பி நாலு எட்டு வைத்தான். நின்றான். இதுவரை யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். அதே கேள்வியை மாற்றிக் கேட்டான்.

“இல்லை, ஒருவன்தான் விழுங்கினானா?”

ஓணான் தலையை ஆட்டியது.

“எதிரி பலமாக இருக்கிறானா?”

ஆட்டியது.

“எதிரியே இல்லையா?”

ஆட்டியது.

“ஐயா! எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறீர்களே!” என்று தத்தன் கத்தினான்.

ஓணான் முதல் முறையாக வாயைத் திறந்தது. “நான் எப்போது தம்பி ஆமாம் என்றேன்? என் தலை ஆடுகிறது. முட்டையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து ஆடுகிறது. என் அப்பா தலையும் ஆடும். நீங்களாகவே வந்து கேட்டீர்கள், நீங்களாகவே சந்தோஷமாகப் போனீர்கள். குறுக்கே பேசினால் மரியாதையாக இருக்காதே என்று சும்மா இருந்தேன்.”

தத்தன் மெதுவாகக் கரைக்குத் திரும்பினான். குட்டையின் நடுவில் ஈரம் இப்போது ஒரு முறம் அளவுதான் இருந்தது. இன்று இறங்காவிட்டால் இனி இல்லை.

எதிரே இருப்பது மடுவன் மட்டும்தான் என்று அவன் மனம் சொன்னது. ஆனால் நிச்சயமாகத் தெரியாது. ஒருவேளை நாற்பது பேரும் இருந்துவிட்டால்? உண்மையைச் சொன்ன மறுநிமிடம் நாற்பது முட்கள் வரும். பொய்யைச் சொன்னால் நாளை மறுநாள் தோல் காய்ந்துவிடும். உண்மையில் பிழைக்கவாவது ஒரு வழி இருந்தது.

பொழுது சாய்ந்தது. தத்தன் கல்லில் ஏறவில்லை. தரையில் நின்று, ஹவில்தார் குரலில் அல்லாமல், தன் குரலிலேயே கூப்பிட்டான்.

“பாசியன்!”

கனத்த குரல் தொண்டை வரை வந்துவிட்டது. இன்று ஒருநாள் மட்டும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. தத்தன் கண்ணை மூடிக்கொண்டான்.

“இல்லை,” என்றான்.

எதிர்க்கரையில் விக்கல்கூடக் கேட்கவில்லை.

“அல்லியான்! இல்லை. கொட்டியன்! இல்லை.”

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். ஒவ்வொருவருக்கும் ‘இல்லை’ என்றான். ஹவில்தாருக்கும் சொன்னான், தளபதிக்கும் சொன்னான். கடைசியாக ஒரு பெயர் மீதி இருந்தது.

“தத்தன்! …இருக்கிறேன்.”

அவன் முள்ளைக் கீழே போட்டுவிட்டுக் காத்திருந்தான்.  காற்று அடித்தது. ஆவாரம்பூ ஒன்று உதிர்ந்தது. யாரும் பாய்ந்து வரவில்லை.

வெகுநேரம் கழித்து மேல்கரையில் ஒரு குரல் எழுந்தது. அது அழுதுகொண்டிருந்தது.

“சேற்றன்! …இல்லை. நாணலன்! …இல்லை. துளும்பி! …விக்! …இல்லை.”

முப்பத்தொன்பது பெயர்கள் முடிந்தன.

“மடுவன்! …இருக்கிறேன் மச்சான்!”

இரண்டு படைகளும் ஒரே நேரத்தில் குட்டைக்குள் குதித்தன. அதாவது, இரண்டு தவளைகள் குதித்தன. கோட்டின் மேல் வந்து ஒருவனையொருவன் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருவரும் காய்ந்த இலைபோல இருந்தார்கள்.

“பெரிய மச்சான் எப்போது…?”

“மாசியிலேயே.”

“அப்படியானால் நான் கேட்ட குரல்?”

“நான்தான்டா.”

மடுவன் விக்கினான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தளபதி வந்து கேட்டால் என்ன சொல்வது?” என்றான்.

“கீழே வந்து கேட்கட்டும். தோண்டுடா!” என்றான் தத்தன்.

முறம் அளவு ஈரத்தில் இருவருக்கும் இடம் இருந்தது. பின்கால்களால் சேற்றைத் தள்ளித் தள்ளி, முதுகோடு முதுகாக உள்ளே இறங்கினார்கள். மறுநாள் வெயிலில் அந்த இடமும் இறுகியது. கோடு எங்கே போட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாதபடி தரை முழுவதும் வெடித்துக் கிடந்தது.

ஐப்பசி வந்தது. அந்த ஆண்டு மழையைக் கூப்பிட ஒரு தவளைகூட வெளியில் இல்லை. மழை வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. குட்டை நிரம்பியது. தத்தனும் மடுவனும் சேற்றிலிருந்து மேலே வந்தார்கள். புளியமர வேரடியிலிருந்து ஹவில்தார் வந்தார். வேவு பார்க்கப் போனவன், அவனைத் தேடப் போனவன், இருவரையும் பிடிக்கப் போனவன் என்று காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் மேலும் ஒரே சேறு. யார் எந்தக் கரை என்று தெரியவில்லை.

கிணற்றுப் பக்கத்திலிருந்து இரண்டு தளபதிகளும் சேர்ந்து வந்தார்கள். கோடை முழுவதும் இருவரும் ஒரே கிணற்றில்தான் இருந்திருக்கிறார்கள். நன்றாகக் கொழுத்திருந்தார்கள்.

பெருந்தொண்டையார் கருவேல மரத்தைப் பார்த்துக் கேட்டார். “அதிகாரி ஐயா! போரில் நாம்தானே வென்றோம்?”

ஓணான் தலையை ஆட்டியது.

“இல்லை, நாங்கள்தானே?” என்றார் மேல்கரைத் தளபதி.

ஓணான் தலையை ஆட்டியது. இரண்டு தளபதிகளுக்கும் திருப்தி.

“அப்படியானால் வெற்றி அணிவகுப்பு! ஹவில்தார், பெயரைக் கூப்பிடுங்கள்!” என்றார் பெருந்தொண்டையார்.

வீரர்கள் சேறு வழிய அவரவர் கரையில் வரிசையாக நின்றார்கள். ஹவில்தார் தொண்டையைச் செருமினார்.

“பாசியன்!”

பதில் இல்லை.

தளபதி புருவத்தை நெரித்தார். “வரிசையில் ஓட்டை! யாரடா பக்கத்தில் நிற்பது? குரல் கொடு!”

“அண்ணன் இல்லை ஐயா,” என்றான் தத்தன்.

“அது எனக்குத் தெரியாதா? குரல் கொடு என்றால் கொடு!”

தத்தன் வாயைத் திறக்கவில்லை. ஹவில்தார் அடுத்த பெயரைக் கூப்பிடாமல் நின்றார். எந்தக் கரையிலும் யாரும் சிரிக்கவில்லை. பாசியன் நின்ற இடத்தில் மழை மட்டும் விழுந்தது. மேல்கரையிலிருந்து ஒரே ஒரு விக்கல் கேட்டது.

இல்லாதவருக்காக ‘இருக்கிறேன்’ என்று யாராவது குரல் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை, முடிந்துபோன சண்டையும் முடியாது.